திருப்புளி பிடிக்கிற கை

ரேடியோ ரிமோட்டில் ஓடும் ரேஸ் காரைப் பொம்மை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதைக் கழற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு. அகலம் 19 சென்டிமீட்டர். பேட்டரியோடு சேர்த்தும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான எடை. மேலே மெல்லிய பிளாஸ்டிக் கூடு. கூட்டைத் தூக்கினால் உள்ளே நாலு சக்கரத்துக்கும் தனித்தனிக் கை, நாலு ஸ்பிரிங், நாலு எண்ணெய் ஷாக் அப்சார்பர், டிஃபரென்ஷியல், பெல்ட், ஆன்ட்டி ரோல் பார் எல்லாம் இருக்கின்றன. எங்க ஊருக்கு வருகிற டவுன் பஸ்ஸில் இதில் பாதி கூட ஒழுங்காக இருக்காது. தட்டையான தார்த் தரையில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். அந்த வேகத்தில் ஒரு வளைவுக்குள் போய்த் திரும்பி வெளியே வரவேண்டும். தரையைத் தொடுவது நாலு சின்ன ரப்பர்த் துண்டுகள் மட்டும்தான்.

இந்தப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. ரேஸில் காரை ஓட்டுகிறவன் ஒருத்தன். அதைச் சரிபண்ணி, திருகி, எண்ணெய் மாற்றி, தரையில் நிற்க வைக்கிறவன் இன்னொருத்தன். கோப்பையில் முதலாமவன் பேர் இருக்கும். இரண்டாமவன் பேர் எங்கேயும் இருக்காது. அந்த இரண்டாமவன் என் தம்பி.

எங்களுக்குப் பொன்னேரி பக்கம். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ரேஸ் புதுசு இல்லை. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி ஓடுதளம் வரும்வரை சோழவரத்தில் பழைய விமான ஓடுபாதையில்தான் கார் ரேஸ், பைக் ரேஸ் எல்லாம் நடந்தன. எங்க பெரியப்பா ரேஸ் நாட்களில் அங்கே கூலிக்குப் போவார். மூட்டை தூக்குவது, கயிறு கட்டுவது, கூட்டம் போன பிறகு குப்பை பொறுக்குவது. "அந்த வண்டிங்க சத்தம் இருக்கே, வயித்துல அடிக்கும்மா" என்பார். எந்த வண்டி ஜெயித்தது என்று கேட்டால் தெரியாது. அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க விட்டதில்லை.

தம்பி டிப்ளமோ மெக்கானிக்கல் சேர்ந்து, கடைசி வருஷ ஃபீஸ் கட்ட முடியாமல் நின்றவன். பைக் பட்டறையில் இருந்தான். அங்கே வந்த ஒருத்தர் மூலமாக இந்தக் குட்டிக் கார் வேலை கிடைத்தது. சென்னைக்கு வெளியே ஒரு தார்த் திடல். ஞாயிற்றுக்கிழமைகளில் ரப்பர்க் குழாய் போட்டுத் தடம் அமைத்து ஓட்டுவார்கள். கிட், மோட்டார், பேட்டரி, ரேடியோ, சார்ஜர் என்று சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டுகிற பொழுதுபோக்கு. ஒரு தொழில் அதிபருக்கு இரண்டு கார். இரண்டையும் தயார் செய்து கொடுப்பது தம்பியின் வேலை. நாள் கூலி 800 ரூபாய். நான்கு வருஷம் அப்படிப் போனான். லீவு நாளில் நானும் கூடப் போவேன். வளைவில் ஸ்டாப் வாட்சோடு நின்று நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை.

இந்த விளையாட்டின் கதை பெரிய கதை இல்லை. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா கம்பெனி 1976-ல் போர்ஷே 934 மாடலை ரேடியோ காராக விற்றது. 1984-ல் அமெரிக்காவில் ஆர்.சி.10 என்ற கார் வந்தது. அலுமினியத் தட்டும் எண்ணெய் ஷாக்கும் வைத்து, விளையாட்டுப் பொருளாக இல்லாமல் ரேஸுக்கென்றே செய்தது. 1985-ல் கலிபோர்னியாவில் டெல் மார் என்ற இடத்தில் மண்தடக் கார்களுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. ஜப்பானின் மசாமி ஹிரோசாகா 14 உலகப் பட்டங்கள் வாங்கியவர். அவர் பேரை எனக்குச் சொன்னது தம்பி. எம்.ஏ. தமிழ் வகுப்பில் நான் மனப்பாடம் செய்த உரையாசிரியர்கள் பேரைப்போல அவன் இந்தப் பேர்களைச் சொல்லுவான்.

இனி வேலைக்கு வருவோம். கார் ஓடும்போது அதன் எடை ஒரு இடத்தில் நிற்பதில்லை. பிரேக் பிடித்தால் முன்னால் சாயும். ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் பின்னால் போகும். இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கச் சக்கரங்களின் தலையில் விழும். எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு எடை, எவ்வளவு வேகமாகப் போய் விழுகிறது என்பதை நம் கைக்குள் கொண்டு வருவதுதான் டியூனிங். மற்றதெல்லாம் அதற்கான வழிகள்.

வண்டி திரும்பவேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகத் தள்ளிக்கொண்டு போனால் முன் சக்கரத்துக்குப் பிடி போதவில்லை என்று அர்த்தம். பின்பக்கம் வழுக்கிச் சுழன்றால் பின் சக்கரத்துக்குப் பிடி போதவில்லை. பொதுவாக எந்தப் பக்கம் மெத்தென்று இருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குப் பிடி கூடும். முன் ஸ்பிரிங்கை ஒரு படி இளக்கமாகப் போட்டால் மூக்கு உள்ளே போகும். ரொம்ப இளக்கினால் வண்டி படகுமாதிரி சாயும், திருப்பம் தாமதமாகும். பிடி அதிகமான தரையில் அப்படியே கவிழ்ந்தும் போகும். முன்பக்கம் ஆன்ட்டி ரோல் பார் கம்பியை 1.2 மில்லிமீட்டரிலிருந்து 1.3-க்கு மாற்றினால் சாய்வு குறையும், கூடவே முன்பிடியும் குறையும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு இவ்வளவு பேச்சு.

ஓட்டிவிட்டு வந்து "வண்டி சரியில்ல" என்று கடாசுகிறவரிடம் தம்பி மூன்றே கேள்வி கேட்பான். "வளைவுல நுழையும்போதா சார், நடுவுலயா, வெளிய வரும்போதா?" பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. நுழையும்போது என்றால் பிரேக், எடை முன்னால் வருகிற விதம் பார்க்கவேண்டும். நடுவில் என்றால் ஸ்பிரிங், ரோல் பார், சாய்மானம். வெளியே வரும்போது என்றால் ஆக்ஸிலரேட்டர் கொடுக்கையில் எடை பின்னால் ஓடுவதைப் பார்க்கவேண்டும். பதில் வரவில்லையென்றாலும் பரவாயில்லை. அவன் அதற்குள் கண்ணால் பார்த்து முடித்திருப்பான்.

அப்புறமும் உடனே ஸ்பிரிங்கைத் தொடமாட்டான். முதலில் டயர். நகத்தால் சுரண்டிப் பார்ப்பான். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது. வெளி ஓரம் தேய்ந்திருந்தால் சாய்வு போதவில்லை. ஒன்றரை டிகிரி, இரண்டு டிகிரி என்கிற கணக்கு எல்லாம் தொடக்கத்துக்குத்தான், மிச்சத்தை டயரே சொல்லிவிடும் என்பான். டயர் முடிந்ததும் முறுக்கு. சமையலறை மேடை போட்டவர்கள் மிச்சம் வைத்துப்போன ஒரு கிரானைட் துண்டுதான் அவனுடைய மேஜை. அதன் மேல் காரை வைத்து, முன்னால் நட்ட நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்குவான். இரண்டு முன் சக்கரமும் ஒரே நேரத்தில் கல்லை விட்டு எழவேண்டும். ஒன்று முந்தி எழுந்தால் சேசிஸ் முறுக்கியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் அழுத்தம் இடம் வலம் சமமாக இல்லை. முறுக்கு இருக்கிற வண்டி இடது வளைவில் ஒரு குணம், வலது வளைவில் ஒரு குணம் காட்டும். அதை விட்டுவிட்டு மற்ற எதைத் திருகினாலும் வீண்.

பின் சக்கரம் இரண்டும் முன்னோக்கி லேசாக உள்ளே பார்த்தபடி இருக்கும். தார்த் தடக் கார்களில் 3 டிகிரி வழக்கம். அது வண்டியை நேராக நிறுத்தி வைக்கும், பதிலுக்கு வேகத்தில் கொஞ்சம் தின்னும். முன் சக்கரங்களை அரை டிகிரி வெளியே பார்க்க வைத்தால் திருப்பின உடனே சுருக்கென்று மூக்கு திரும்பும். தரையிலிருந்து அடித்தட்டு 5 மில்லிமீட்டர் உயரம். தாழ்ந்திருந்தால் நல்லது. ஆனால் இந்தத் திடலில் கான்கிரீட் இணைப்புகள் இருக்கின்றன, வயிறு தட்டும். அதனால் அவன் 6 வைப்பான். கம்பெனி கொடுத்த புத்தகத்தில் 5 என்று இருக்கிறதே என்று கேட்டவருக்கு, "புக்கு எழுதனவரு இந்தத் தரையப் பாக்கல சார்" என்றான். இதைவிட நல்ல விமரிசனக் கோட்பாட்டை நான் படித்ததில்லை.

ஷாக் அப்சார்பருக்கு சிலிகான் எண்ணெய். தண்ணீரின் குழைவு 1 என்று வைத்துக்கொண்டால் இந்த எண்ணெய் 350, 400, 450 என்று எண் போட்டு வரும். டிஃபரென்ஷியலுக்கு 5000 கூட ஊற்றுவார்கள், தேன்மாதிரி வடியும். ஷாக்கில் எண்ணெய் நிரப்பி, உள்ளே இருக்கிற பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால் காற்றுக் குமிழி எழும்பும். அது எல்லாம் வெளியேறும்வரை பத்து நிமிஷம் பேசாமல் நிற்க வைக்கவேண்டும். அவசரப்படுகிறவன் இங்கேதான் கோட்டை விடுவான். மூடின பிறகு காதோரம் வைத்து அமுக்கிப் பார்ப்பான். உள்ளே காற்று இருந்தால் கொழக் கொழக்கென்று சத்தம் வரும். நாலையும் அப்படிக் கேட்டு, நாலும் ஒரே மாதிரி திரும்புகின்றனவா என்று ஜோடி ஜோடியாக அழுத்திப் பார்ப்பான். கடைசியில் வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து கல்லின் மேல் விடுவான். குதிக்கக்கூடாது. 'டப்'பென்று உட்காரவேண்டும்.

சித்திரை வெயிலில் மத்தியானம் தார்த் தரையில் வெப்பமானியைக் காட்டினால் 55 டிகிரி தாண்டும். எண்ணெய் சூடேறி நீர்த்துப் போகும். காலையில் பதமாக இருந்த வண்டி மத்தியானம் துள்ளும். அப்போது கெட்டியான எண்ணெய்க்கு மாற்றவேண்டும். மார்கழிக் காலையில் தரை குளிர்ந்து பிடி குறைந்திருக்கும். அப்போது எண்ணெயையும் ஸ்பிரிங்கையும் இளக்கவேண்டும். அவன் ஷாக்கைக் காதில் வைத்துக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தா ஞாபகம் வரும். தாத்தா பறை அடித்தவர். ஈரக் காற்றில் தோல் தொய்யும். வைக்கோலைக் கொளுத்தித் தீயில் காட்டி, விரலால் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். கூடக் காய்ந்தால் தோல் வெடிக்கும், குறைந்தால் ஓசை சாகும். அப்பா பறையைத் தொடவில்லை. சாவுக்கு அடிக்க வரமாட்டேன் என்று சொன்னதற்காக மூன்று மாசம் ஊரில் ஒருத்தரும் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. அப்பா விட்டது சரி. ஆனால் தாத்தாவின் காதில் இருந்த அந்தப் பதம் ஒரு படிப்பு. அதை யாரும் படிப்பென்று சொன்னதில்லை. சுடுகாட்டுக்கு முன்னால் நடக்கிற ஆளுக்கு என்ன படிப்பு என்றுதான் கேட்டார்கள்.

மொழி விஷயமும் இருக்கிறது. தமிழ் படித்தவள் என்பதால் கலைச்சொல் செய்யச் சொல்லித் தம்பி என்னிடம் வந்தான். அதற்கு அவசியமே இல்லாமல் இருந்தது. அவனும் பட்டறைப் பையன்களும் ஏற்கெனவே சொற்களை வைத்திருந்தார்கள். வண்டி திரும்பாமல் போவது 'மூஞ்சி தள்ளுது'. பின்பக்கம் சுழல்வது 'வால் வீசுது'. அடி உரசுவது 'வயிறு தட்டுது'. சக்கரத்தின் சாய்வு 'சாய்மானம்'. சக்கரம் உள்நோக்கி இருப்பது 'உள்பார்வை', வெளிநோக்கி இருப்பது 'வெளிப்பார்வை'. வண்டியைத் தூக்கினால் சக்கரம் எவ்வளவு கீழே இறங்குகிறது என்கிற அளவு 'தொங்கல்'. 'பின்னாடி தொங்கல் ஜாஸ்தி, பிரேக்குல பின்பக்கம் எழும்புது, அதான் வால் வீசுது' என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவான். இதில் எந்தச் சொல்லுக்கும் அகராதி வேண்டாம். வண்டியை ஒரு உடம்பாகப் பார்க்கிற மொழி இது. மாடு கட்டி உழுத மொழி, மூட்டை சுமந்த மொழி. எது கனக்கும், எது எந்தப் பக்கம் இழுக்கும் என்று முதுகால் தெரிந்துகொண்டவர்களுடையது.

இந்தச் சொற்களில்தான் அவன் நோட்டு எழுதினான். நீளக் கணக்கு நோட்டு. தேதி, மணி, தரைச் சூடு, டயர், எண்ணெய், ஸ்பிரிங் நிறம், சாய்மானம், பார்வை, உயரம். கடைசிக் கட்டத்தில் 'வண்டி எப்டி நடந்துச்சு'. பக்கத்திலேயே நான் குறித்துக் கொடுத்த சுற்று நேரம். ஐந்து நிமிஷப் போட்டியில் 21 சுற்று. ஒரு சுற்று 14 விநாடி. ஒரே ஒரு சுற்று 13.6 போவதில் பெருமை இல்லை, 21 சுற்றும் 14-ஐ ஒட்டி வருகிற வண்டிதான் நல்ல வண்டி என்பது அவன் கட்சி. அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றினதை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே எழுதவேண்டும், ஓட்டின பிறகு எழுதினால் மனசு பொய் சொல்லும். நாலு வருஷத்தில் மூன்று நோட்டு நிறைந்தது.

தொடக்கத்தில் அங்கே அவனை 'ப்ரோ' என்றுதான் கூப்பிட்டார்கள். பிறகு ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஊர்ப் பேரைக் கேட்டார்கள். ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அப்பா என்ன பண்றார் என்று கேட்டார்கள். இந்தக் கேள்விகளின் வரிசை நம் எல்லோருக்கும் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து 'டேய்' ஆனது. சாப்பாட்டுப் பொட்டலம் டூல் பாக்ஸ் பக்கத்தில் வைக்கப்பட்டது. யாரும் ஏசவில்லை, விரட்டவில்லை. படித்தவர்கள் இடம். அங்கே இது இப்படித்தான் நடக்கும்.

அந்த வருஷப் போட்டித் தொடரில் தம்பி தயார் செய்த கார் முதலிடம் வந்தது. முதலாளி மைக்கில் பேசினார். பின் உள்பார்வையைக் குறைத்ததைப் பற்றி, மத்தியானத்துக்கு எண்ணெய் மாற்றினதைப் பற்றி, 'நான் கண்டுபிடிச்சேன்' என்று சொன்னார். தம்பி பேட்டரிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். ஒரு வாரம் கழித்து அவர் நோட்டுகளைக் கேட்டார். வெளியூர்ப் போட்டிக்குப் போகிறார், அங்கே வேறு ஆள் வைத்துக்கொள்வார், அவனுக்குக் கொடுக்கவேண்டுமாம்.

நான் அன்றைக்கு அங்கே இருந்தேன். அவர் கேட்டது இதுதான்: "என் காரைப் பத்திதானே எழுதியிருக்க? என் டயர், என் எண்ணெய், என் சம்பளம். அப்ப நோட்டு என்னுதுதானே?"

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "கார் உங்களுது சார். பாத்தது நான்."

அவ்வளவுதான். சத்தம் போடவில்லை. அந்த வேலை அன்றோடு போயிற்று. அந்த மாசத்துப் பாக்கிக் கூலி 1600 ரூபாயும் போயிற்று. வீட்டில் அம்மா, "அந்த நோட்ட குடுத்துட்டு வந்திருக்கலாம், காகிதந்தான?" என்றாள். அம்மாவின் கணக்கிலும் நியாயம் உண்டு, அரிசி வாங்குகிறவள் அவள். ஆனால் தம்பி காகிதத்தைக் கொடுக்க மறுக்கவில்லை. நாலு வருஷம் வெயிலில் நின்று பார்த்த பார்வையை, பேர் இல்லாமல் கைமாற்றிவிட மறுத்தான். அண்ணல் அம்பேத்கர் 1936-ல் சாதி ஒழிப்பு நூலில் சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல்கீழாக அடுக்கிவிட்டது என்று விளக்கினார். நான் அதைக் கூட்டங்களில் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். ஒரு கிரானைட் கல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அந்த அடுக்கு நிற்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். திருகுவது கை, கண்டுபிடிப்பது மூளை என்று இரண்டாக வெட்டி, கையை ஒருத்தனுக்கும் மூளையை ஒருத்தனுக்கும் எழுதி வைத்துவிட்டார்கள். ஷாக்கைக் காதில் வைத்துக் கேட்கிறவனிடம் அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும்.

அதற்குப் பிறகு பதினோரு மாசம் அவன் சொந்தக் கார் ஒன்றைச் சேர்த்தான். ஓரத்தில் வெடித்துப்போய்த் தூக்கிப் போட்ட கார்பன் ஃபைபர் தட்டு. அந்த விளிம்பில் பசையை ஊறவிட்டு, காயவைத்து, உப்புக் காகிதத்தால் தேய்த்து எடுத்தான். பழைய மோட்டார். கல்லூரிப் பையன் ஒருத்தன் கைமாற்றாகக் கொடுத்த ரேடியோ. ஷாக்குக்குப் புது ரப்பர் வளையம் மட்டும் காசு கொடுத்து வாங்கினான். மொத்தம் 23,000 ரூபாய். பைக் பட்டறையில் ராத்திரி வேலை செய்து சேர்த்தது. போட்டியில் சேர ஓர் உறுப்பினர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நாலு வருஷம் இவன் கையால் கார் வாங்கி ஓட்டினவர்கள் எல்லாம் அன்றைக்கு அவசர வேலையாக இருந்தார்கள். ரேடியோ கொடுத்த அந்தப் பையன்தான் கையெழுத்துப் போட்டான்.

தை மாசத்து ஞாயிறு. காலையில் தரையில் பனி ஈரம். மற்றவர்கள் போன மாசம் ஓட்டின அமைப்பிலேயே வந்திருந்தார்கள், வால் வீசி வீசி ரப்பர்க் குழாயில் முட்டினார்கள். தம்பி தன் நோட்டில் முந்தைய தை மாசப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தான். 350 எண்ணெய், இளகின ஸ்பிரிங் நாலு பக்கமும். தகுதிச் சுற்றில் 14 பேரில் ஆறாவது. முன்னால் இருந்த ஐந்து பேரிடமும் இவனுடையதைவிட நல்ல மோட்டார். மத்தியானம் தரை 46 டிகிரி ஆனது. எண்ணெயை 450-க்கு மாற்றினான். ஸ்பிரிங்கைத் தொடவில்லை. "ரெண்டையும் மாத்தலாமேடா" என்று கேட்டேன். "ஒண்ணுதான்க்கா" என்றான். இறுதிப் போட்டியில் அவன் ஒரு சுற்றில்கூட வேகமான ஆள் இல்லை. 21 சுற்றும் 14-ஐ ஒட்டி வந்தான். முன்னால் போன மூன்று பேர் தங்களுக்குள் இடித்துக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்தான்.

பரிசு கொடுக்கும்போது மைக்கில் முதல் இரண்டு பேரையும் பேர் சொல்லி அழைத்தார்கள். மூன்றாவதாக, பழைய முதலாளியின் பேரைச் சொல்லி, "அவரோட மெக்கானிக்" என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். தம்பி மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றான். ஏறவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். நின்றான். கை தட்டல் ஓய்ந்து ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட பையன் ஓடிப்போய் மைக் வைத்திருந்தவர் காதில் ஏதோ சொன்னான். அவர் பதிவுத் தாளைத் தேடி எடுத்து, இவன் பேரை, அப்பா பேரின் முதலெழுத்தோடு வாசித்தார். அப்புறம் ஏறினான். கோப்பை பிளாஸ்டிக்தான். 90 ரூபாய் பெறும்.

இப்போது எங்க தெரு இரவுப் பள்ளியில் சனிக்கிழமை ஒரு மணி நேரம் அவன் வருகிறான். பழைய மண்தடக் கார் ஒன்று, அந்தக் கிரானைட் துண்டு, ஒரு திருப்புளி. எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள். ஒருத்தி முன் ஸ்பிரிங் மாற்றுவாள், ஒருத்தன் ஓட்டுவான், ஒருத்தி நேரம் குறிப்பாள். அடுத்த சுற்றில் வேலை மாறும். ஓட்டுகிறவனே எப்போதும் ஓட்டக்கூடாது, திருகுகிறவளே எப்போதும் திருகக்கூடாது என்பது அங்கே விதி. விசை, எடை, உராய்வு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்ததை, 'மூஞ்சி தள்ளுது சார், முன்னாடி இளக்கணும்' என்று சொந்த வாயால் சொல்கிறார்கள். பக்கத்தின் அடியில் அன்றைக்கு யார் பார்த்தார்களோ அவர்கள் பேரை எழுதவேண்டும். தம்பி அதில் கண்டிப்பு. பேர் இல்லாத பக்கத்தைக் கிழித்துவிடுவான்.

அவன் நோட்டுகளை நான் சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருக்கிறேன். சொற்களை மாற்றவில்லை, தூய்மைப்படுத்தவில்லை. தோழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பைக் பட்டறையில், லேத்தில், தோல் ஷெட்டில், தறிக்கூடத்தில், போட்டு எஞ்சின் சரிபண்ணுகிற கரையில் நம் ஆட்கள் புழங்குகிற சொற்கள் இருக்கும். எது இறுகிவிட்டது, எது தொய்ந்துவிட்டது, எது பதமாக இருக்கிறது என்பதைச் சொல்ல அவர்கள் வைத்திருக்கிற வார்த்தைகள். அவற்றை எழுதி அனுப்புங்கள். சொல்லோடு அதைச் சொன்னவர் பேரையும், அவர் சம்மதத்தோடு, சேர்த்து எழுதுங்கள்.